கண்ணாடியின் மேல் ஒரு கல்யாணம்

எங்கள் மொட்டைமாடியில் வெயிலுக்குப் பாகப்பிரிவினை நடந்து முடிந்து பல வருஷம் ஆகிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கொல்கத்தாவின் டாக்குரியாவில் இந்த நாலு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிற எவருக்கும் எந்த வெயில் யாருடையது என்று தெரியும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி விழுவது இரண்டாம் மாடிப் பௌதியின் வெயில். அதில் இலந்தை ஊறுகாய் ஜாடிகள் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். படிக்கட்டுச் சுவரில் சாய்வது எல்லாருக்கும் பொது. பஞ்சுப் போர்வைகளும் குளித்துவிட்டு வந்த முதுகுகளும் அங்கே காயும். தென்கிழக்கு மூலை எங்களுடையது. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் செங்கல்மேல் சாய்த்து வைத்து, வருஷா வருஷம் என் மனைவி அதில் வடாம் பிழிவாள்.

பௌதி என்றால் அண்ணி. யாருக்கு அண்ணி என்று கேட்டால் பதில் கிடையாது, கட்டடத்துக்கே அண்ணி. மேதினிபூர்ப் பக்கத்துக்காரர். ஒன்பது மாதம் இந்த ஊரில் வெயிலை எல்லாரும் திட்டுவார்கள், பௌதியும் திட்டுவார். மார்கழி வந்துவிட்டால் போதும், ஒரு சாண் வெயிலுக்காக ஜாடியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பார். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பௌதி எனக்குச் சாட்சி. வெயிலுக்குப் பின்னால் போகிறவர்கள் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் எங்கள் மூலையில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

என் மனைவி ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறையில் பொறியாளர். வெயிலில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர்கள் அங்கே தயாராகின்றன. பெட்டி அவளுடைய சொந்த யோசனை. தகரப் பெட்டி, அடியில் கறுப்புப் பூச்சு, சுற்றிலும் தெர்மகோல் புதைத்த சுவர், மேலே தெற்குப் பார்த்துச் சரிந்த கண்ணாடி. உள்ளே இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கடல்நீர். வெயில் கண்ணாடி வழியே இறங்கிக் கறுப்பைச் சுடும், தண்ணீர் ஆவியாகும், உப்பு அடியிலேயே தங்கிவிடும், ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் போய் ஒட்டிச் சொட்டாகும், சொட்டு சரிந்து சரிந்து ஓரத்து வாய்க்காலில் விழுந்து, குழாய் வழியே புட்டிக்கு வரும். நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை, சுற்றுகிற சாமான் எதுவும் இல்லை. நான் சாயங்காலம் அலிப்பூர் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பேன்: "பெட்டிக்கு இன்னிக்கு வேர்த்துச்சா?"

"வேர்த்துச்சு. உங்களைவிட நல்லா உழைக்குது."

கடல்நீருக்காகத் திகா கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் அங்கிருந்து முந்திரியும் சங்கு வளையலும் வாங்கி வருவார்கள். நாங்கள் கேன் கேனாகக் கடலை அள்ளிக்கொண்டு வந்தோம். உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். "உப்பைக் கரைச்சா அது உப்புத்தண்ணி. கடல்ல பாசி இருக்கு, மணல் இருக்கு, மீன் வாடை இருக்கு. அங்க அதைத்தானே ஊத்தப் போறாங்க" என்றாள். திரும்பும் பேருந்தில் நடத்துனர் கேனைக் காலால் தட்டி என்ன இது என்றார். "ஷொமுத்ரோ," கடல், என்றேன். அவர் கேன்களைப் பார்த்தார். "முழுசுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

அவள் சொன்ன 'அங்க' ராமநாதபுரத்துக் கடற்கரையில் ஒரு ஊர். மழை வந்தால் செய்தி. தோண்டின இடமெல்லாம் கரிப்பு. குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஊர். சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ வந்து பெரிய இயந்திரம் ஒன்றை நிறுவிக் கடல்நீரைக் குடிநீராக்கித் தந்தார்களாம். பழுதானதும் வந்து பார்க்க ஆள் இல்லை. இப்போது அதற்குள் காக்கை கூடு கட்டியிருக்கிறது. அதனால் அந்த ஊர் மகளிர் குழு ஒரு முடிவோடு இருந்தது. குழுத் தலைவி எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"படத்துல நல்லாத்தான் இருக்கு மேடம். போன தடவையும் படம் நல்லாத்தான் இருந்துச்சு. நானே வாரேன். பாக்குறேன், குடிக்கிறேன், பருப்பு வேக வச்சுப் பாக்குறேன். அப்புறந்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன்."

பட்டறை முதலாளியும் தன் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒரு ஊராவது வேண்டும் என்று சொன்னால் மேலே செய்யலாம். இல்லையென்றால் ஹீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம், பெட்டியைப் பிரித்துத் தகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆக என் மனைவியின் ஒரு வருஷ உழைப்பு, பார்த்தே இராத ஒரு பெண்மணியின் ஒரு கைப்பிடிப் பருப்பில் வந்து நின்றது.

குழுத் தலைவி வந்த காலையில் ஹவுரா நிலையம் பனிமூட்டத்தில் பாதிதான் இருந்தது. இருவருமாக அழைத்துவரப் போயிருந்தோம். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் துண்டு, ஒரு கையில் துணிப்பை, மறு கையில் தண்ணீர் நிரம்பிய ஒரு புட்டி. அதைக் கீழே வைக்கவே இல்லை.

"ரயில்ல குடிக்கிறதுக்கா அக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"இதைக் குடிச்சுட்டா நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் வாரேன்? இது எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி. உங்க தண்ணிக்குப் பக்கத்துல வச்சுப் பாக்க."

டாக்ஸியில் பாலத்தைக் கடக்கும்போது கீழே கங்கை அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டும் நல்ல தண்ணியா, சார்?"

"ஆமாக்கா."

"இதை வச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்கு இந்தப் பெட்டி?" என்றார் என் மனைவியிடம். கிண்டலா வருத்தமா என்று தெரியவில்லை. மனைவி சிரித்தாள். ஆனால் அவள் கவலையெல்லாம் பனிமூட்டத்தின்மேல் இருந்தது. இருப்பது இரண்டு நாள். மறுநாள் ராத்திரி அவருக்கு ரயில். முன்கூட்டிப் பிடித்து வைத்த தண்ணீர் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். கண்ணெதிரே சொட்ட வேண்டும்.

பத்து மணிக்குப் பனி விலகியது. காப்பியைக்கூட முடிக்காமல் மூவரும் மாடி ஏறினோம்.

மூலையில் பெட்டி இருந்தது. கண்ணாடிதான் தெரியவில்லை. கடுகெண்ணெய் மணத்தது. கண்ணாடி முழுக்க, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை, வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் கோபுரங்கள், நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாக நின்றன. பக்கத்தில் பௌதி, முழங்கைவரை மாவு, பெருமையோடு இடுப்பில் கை.

"பொடி," என்றேன் நான். நம் ஊர்ப் பொடி இல்லை, உளுந்தையும் நீற்றுப்பூசணியையும் அரைத்து, நுரைக்க நுரைக்க அடித்து, சொட்டுச் சொட்டாக இட்டுக் காயவைக்கிற வங்காளத்து வடகம்.

பௌதி ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். பெட்டி வந்தது அவருக்குத் தெரியாது. எங்கள் மூலையில் கண்ணாடி என்றால் அது காயப்போடத்தான் என்பது அவர் பல வருஷமாகப் பார்த்து வந்த நியாயம். இந்த வருஷம் தமிழ்க்காரர்கள் கண்ணாடிக்குப் பெட்டியும் கட்டி, அடியில் சூடும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வடாம் இன்னும் போடவில்லை. இருக்கிற இடத்தில் நாம் போட்டுக்கொண்டால் தங்கை ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். விடிவதற்குள் எழுந்து மாவு அடித்து, கண்ணாடிக்கு எண்ணெய் தடவி, தன் வெயிலை விட்டுவிட்டு எங்கள் வெயிலுக்கு வந்துவிட்டார்.

"என்ன அருமையா செஞ்சிருக்கே ஷோனா, ஒரே நாள்ல காஞ்சுடும்" என்று வங்காளியில் கொஞ்சி, மனைவியின் கன்னத்தை மாவுக் கையால் தொட்டார்.

மனைவி கண்ணாடியையே பார்த்தாள். கன்னத்தில் மாவோடு நின்றாள். ராமநாதபுரத்து ஊர்க்காரம்மாவிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். பிறகு பௌதியிடம் திரும்பி, இது என்ன பெட்டி, இவர் யார், எங்கிருந்து, எதற்கு வந்திருக்கிறார் என்று வங்காளியில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே பௌதியின் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது.

"ஓ மா," என்றார். அப்புறம் நான் தடுப்பதற்குள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தார். எல்லாவற்றையும் வழித்துவிடப் போகிறார். கரண்டி மேல்வரிசைக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது.

மேல்வரிசையில் முதல் இரண்டு மட்டும் பெரியவை. ஒன்றின் உச்சியில் குங்குமம், இரண்டின்மேலும் அறுகம்புல்லும் நெல்லும். அவர்கள் ஊர் வழக்கம் அது. பொடி இடும்போது முதலில் ஒரு கிழவனையும் கிழவியையும் இட்டுக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டுத்தான் மற்றதை இடுவார்கள். காய்ந்து தானாக உரிகிறவரை அந்த ஜோடியையோ கல்யாணத்துக்கு வந்த மற்றவற்றையோ கலைக்கக் கூடாது.

ஊர்க்காரம்மா குனிந்து பார்த்தார். "இது என்னது, குங்குமமெல்லாம்?"

"கல்யாணம்" என்றேன். "இவங்க ரெண்டு பேருக்கும்."

"வடகத்துக்கா?" அவர் என்னைப் பார்த்தார், பௌதியைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "என் கல்யாணத்துக்கே இம்புட்டு அக்கறை இல்ல."

பௌதிக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு தெரியும். ஆனால் கரண்டி இன்னும் அந்தரத்தில் நின்றது. வழிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், அவர் கண் கலங்கத் தொடங்கியது. என் மனைவி அப்போதுதான் பேசினாள். பெட்டி மாடிக்கு வந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் அந்தக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தவள், அதில் என் விரல் பட்டால்கூட முறைப்பவள், பௌதியின் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தட்டில் வைத்தாள். "வேண்டாம் பௌதி. காயட்டும்." பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல்: "இடுக்குல கொஞ்சம் வெயில் இறங்கும். கிடைக்கிறது கிடைக்கட்டும்."

பௌதி கீழே ஓடினார். போய் அழப்போகிறார் என்று நினைத்தேன். வேலைக்காரப் பெண்ணோடு திரும்பி வந்தார். இருவருக்கும் நடுவில் அவருடைய அலங்கார மேசைக் கண்ணாடி. கல்யாணச் சீராக வந்தது, ஆள் உயரம், ஓரமெல்லாம் கொடிவேலை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுச் சுவரில் வெயிலைக் கண்ணாடியால் ஆட்டிவிட்ட ஞாபகம் வந்ததாம். மனைவியின் முகம் மாறியது. அவள் பெட்டியின் வடபுறம் போய்க் கண்ணாடியைப் பின்னால் நிறுத்தி, முன்பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். தெற்கிலிருந்து வந்த தாழ்ந்த வெயில் அதில் மோதித் திரும்பிப் பொடிகளின் இடுக்கில் பாய்ந்தது. உள்ளே கறுப்பு மின்னியது.

ஆனால் வெயில் நகரும். கண்ணாடியும் நகர வேண்டும். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"இவருக்குத்தான் கால் ஒரு இடத்துல நிக்காதே" என்றாள் மனைவி.

நின்றேன். லீவு போட்டிருந்தேன், வேறு வழியும் இல்லை. சூரியன் விரல்கடை நகர நானும் விரல்கடை நகர்ந்தேன். முதுகுப்புறம் ரயில் தண்டவாளத்தின் சத்தம், ஏரிப் பக்கமிருந்து பருந்து, கீழே மீன்காரனின் குரல். எனக்கு முன்னால் மூன்று பெண்கள் செங்கல்மேல் உட்கார்ந்து புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டது, தயங்கியது, கனத்தது, விழுந்தது. கிணற்றில் கல் விழுந்ததுபோல மூவரும் நிமிர்ந்தார்கள். இந்த ஊரில் மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்திருக்கிறேன். ஒரு துளிக்கு இவ்வளவு பேர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, இந்தப் பக்கம் நிழல் விழுது" என்றார் ஊர்க்காரம்மா. நான் எப்போது சாரிலிருந்து தம்பியானேன் என்று கவனிக்கவில்லை.

வெயில் சாயும்போது புட்டியில் சேர்ந்தது வழக்கத்தில் பாதிக்குச் சற்று மேல். அவர் முதலில் முகர்ந்தார். எண்ணெய் வாடை இல்லை. எண்ணெய் கண்ணாடிக்கு வெளியே, தண்ணீர் கண்ணாடிக்கு உள்ளே என்று மனைவி சொன்னாள். ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார்.

"கரிப்பு இல்ல" என்றார். "ஆனா சவசவன்னு இருக்கு. தண்ணி குடிச்ச மாதிரியே இல்ல தாயி."

"எல்லா உப்பும் போயிடுது அக்கா, நல்ல உப்பும் சேர்ந்து. நீங்க கொண்டுவந்த தண்ணில கொஞ்சம் கலந்து பாருங்களேன்."

ஹவுராவில் இறங்கியதிலிருந்து கைவிடாத புட்டியைத் திறந்து, ஒரு மூடி கிணற்றுநீரை டம்ளரில் விட்டு, விரலால் கலக்கி, மறுபடியும் குடித்தார். இந்தத் தடவை டம்ளர் காலியானது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை சமையலறை அவருடையதாயிற்று. துணிப்பையிலிருந்து துவரம்பருப்பு வந்தது. என் மனைவி குக்கரை எடுத்தாள்.

"அதை உள்ள வை தாயி. குக்கர்ல கல்லைப் போட்டாலும் வெந்துரும்."

இரண்டு பாத்திரம், இரண்டு அடுப்பு. ஒன்றில் கிணற்றுநீர், ஒன்றில் பெட்டிநீர். மூடி இல்லாமல் கொதித்தது. மனைவி நின்றாள், போய் ஜன்னலைத் திறந்தாள், வந்து நின்றாள். எங்கள் இருவரில் யாருக்குக் கால் தரிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஊர்க்காரம்மா கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஒரு பருப்பை எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கினார். கிணற்றுநீர்ப் பருப்பு நழுவி ஓடியது. மற்றது மெழுகுபோலப் பிசைந்துகொண்டது.

"வெந்துருச்சு" என்றார்.

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். ஆனால் அந்தம்மா சரி என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினார். பின்னாலேயே போனோம்.

உச்சிவெயில். சூடான கண்ணாடியில் பொடிகள் நினைத்ததைவிடச் சீக்கிரம் காய்ந்திருந்தன. பௌதி ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கிழவனும் கிழவியும் முதலிலேயே உள்ளே போயிருந்தார்கள். கண்ணாடியெல்லாம் எண்ணெய் வட்டங்கள். ஊர்க்காரம்மா அந்த வட்டங்களை வெகுநேரம் பார்த்தார்.

"தாயி, கோவிச்சுக்காத. எங்க ஊர்ல இந்தப் பெட்டிய வச்சா மறுநாளே இதுமேல கருவாடு காயும்."

மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மணல்ல காயப்போட்டா மணலு ஒட்டும், நாய் தூக்கும். இடுப்பளவு உசரத்துல, இம்புட்டுச் சூட்டுல, வழவழன்னு கண்ணாடி கெடந்தா எந்தப் பொம்பளைதான் விடுவா? நானே போட்டுருவேன். கண்ணாடி தொடக்கூடாதுன்னு போர்டு வச்சா, அந்தப் போர்டு மேலயும் நாலு நெத்திலி காயும்."

நான் பௌதிக்கு இதை வங்காளியில் சொன்னேன். பௌதி டப்பாவை மூடிக்கொண்டு, மிக நியாயமான ஒன்றைக் கேட்டதுபோலத் தலையாட்டினார். "கருவாட்டுக்கு வேற இடம் குடுக்கச் சொல்லு" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. ஊர்க்காரம்மா பெட்டியின் இருபக்கமும் கையை நீட்டிக் காட்டிவிட்டார். "இங்கிட்டும் அங்கிட்டும். ஆளுக்கு ஒரு தட்டி. அதுவும் இதே உசரத்துல. கருவாட்டுக்கு எடம் குடுத்துட்டா கண்ணாடிய எவளும் தொட மாட்டா. கழுவவும் செய்வா, தன் மீனு பக்கத்துல காயுதுல்ல. அது மட்டும் செஞ்சு தா, பெட்டி எங்களுக்கு வேணும்."

மனைவி ஒரு செங்கல் துண்டை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து பெட்டியை வரைந்தாள், இருபுறமும் இறக்கை வரைந்தாள், வலையா பிரம்பா என்று கேட்டாள். பழைய வலை எங்களிடமே கிடக்கு என்றார் அவர். பௌதி வந்து, தட்டி தெற்கே கொஞ்சம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் காயாது என்று வங்காளியில் திருத்தினார். யாருக்கு எந்த மொழி புரிந்தது என்று தெரியவில்லை. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. மனைவியின் கன்னத்தில் இப்போது செங்கல் தூள்.

ராத்திரி ஹவுராவில் ரயில் ஏறும்போது அவர் கையில் பௌதி கொடுத்த டப்பா. ஊர்ப்புட்டியில் மீந்திருந்த கிணற்றுநீரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கலந்து குடித்துப் பாருங்கள் என்றார்.

அந்தக் கோடையிலேயே பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. வைகாசியில் ஒருநாள் செல்பேசிக்குப் படம் வந்தது. வெளேரென்ற மணல், பால்வாடிக் கட்டடத்தின் பின்பக்கம், பெட்டி. இருபுறமும் வலைத் தட்டியில் நெத்திலி நெருக்கி நெருக்கிக் காய்கிறது. நடுவில் கண்ணாடி, ஆகாயத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல். கீழே குழாயடியில் ஒரு குடம்.

படத்தைப் பௌதியிடம் காட்டப் போனோம். மின்விசிறியின் அடியில் வியர்த்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பெட்டியை அல்ல, தட்டியை.

"முதல் ரெண்டு மீன் பெரிசா இல்லையே" என்றார். "குங்குமம் வெச்சாங்களான்னு கேளு."

மனைவி அங்கிருந்தே போன் போட்டாள். மறுமுனையில் காற்றும் காக்கையும் கேட்டன. பௌதி கேட்டதை அப்படியே கேட்டாள்.

"வைக்காமலா?" என்றார் அந்தம்மா. "கல்யாணமும் ஆச்சு, காக்கா தூக்கிட்டும் போயிருச்சு. முதல் பாதிய மட்டும் அவுககிட்டச் சொல்லு தாயி."

மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் முதல் பாதியை மட்டும் வங்காளியில் சொன்னேன்.